மட்டக்களப்பில் மென்பொருள் மாநாடு: பேச்சாளரை எங்கே தேடுவது, எப்படி அழைப்பது

மட்டக்களப்பு நகரில் மென்பொருள் எழுதுவோருக்கென்று நாங்கள் முதன்முதலாக ஒருநாள் கூட்டம் நடத்தியபோது, கொழும்பு நிறுவனம் ஒன்றின் உயர் அதிகாரியைப் பேச அழைத்திருந்தோம். பதவி பெரியது. பதாகையிலும் படம் எடுப்பாக இருந்தது. அவருக்குக் கொடுத்த 40 நிமிடத்தில் 25 நிமிடம் தம் நிறுவனத்தின் வளர்ச்சியைப் பற்றியே பேசினார். பிள்ளைகள் மரியாதையாகக் கை தட்டினார்கள்.

அன்றைய நல்ல பேச்சு மேடையில் நடக்கவில்லை, சாப்பாட்டு மேசையில் நடந்தது. சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்த ஒரு தம்பி, பக்கத்தில் இருந்தவரிடம் தன் தலையிடியைச் சொல்லிக்கொண்டிருந்தார். எடை போட்டு 'சேமி' என்று அழுத்தும் நேரம் பார்த்து மின்சாரம் போய்விடும். மின்சாரம் வந்ததும் எழுதுநர் மறுபடி அழுத்துவார். ஒரே வண்டி நெல் இரண்டு வண்டியாகக் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு எடைச்சீட்டுக்கும் திரையிலேயே ஓர் எண்ணை உருவாக்கி, அதே எண் இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளம் ஏற்க மறுக்கும்படி செய்து அதைத் தீர்த்தாராம். கதை முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். கையில் சோறு காய்ந்துபோனது தெரியாமல் ஒரு மாணவி கேள்விக்கு மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தம்பியை மேடைக்கு அழைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும் தன்னைப் பேச்சாளர் என்று நினைத்திருக்கவில்லை. முதன்முறையாகக் கூட்டம் நடத்த முன்வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். பெயரைத் தேடாதீர்கள், எதையோ உடைத்து, திருத்தி, அதைச் சொல்லத் தெரிந்தவரைத் தேடுங்கள். அவர் பெரும்பாலும் தானாக வரமாட்டார். நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

நாளும் அளவும்

மண்டபத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே வரப்போகிறவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள், ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள், வீட்டிலிருந்தே கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலை செய்கிறவர்கள், கடைகளுக்கும் ஆலைகளுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறவர்கள். இவர்களில் யார் அதிகம் என்பதைப் பொறுத்துத்தான் பேச்சுகளின் ஆழம் அமையும். முதலாம் ஆண்டு மாணவர்கள் நிறைந்த மண்டபத்தில் பெரிய நிறுவனங்களின் சர்வர் கட்டமைப்பைப் பற்றிப் பேச வைத்தால் பேச்சாளருக்கும் துன்பம், கேட்பவருக்கும் துன்பம்.

ஒரு நாளுக்கு, ஒரே மண்டபத்தில், 30 நிமிடப் பேச்சு ஆறு போதும். அதோடு ஐந்து நிமிடப் பேச்சு ஐந்தாறு. இதற்கு மேல் திணித்தால் கேள்வி நேரம்தான் முதலில் பலியாகும்.

நாளைத் தேர்வது பேச்சாளர் தேடலின் ஒரு பகுதி. எங்கள் மாவட்டங்களில் வெள்ளி நண்பகல் ஜும்ஆ, ஞாயிறு காலை பூசை. ஆகவே சனிக்கிழமைதான் எல்லோருக்கும் பொருந்தும். நோன்பு காலத்தைத் தவிருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. வீதி வெள்ளத்தில் மூழ்கினால் வெளியூர்ப் பேச்சாளர் வந்து சேர மாட்டார். நாளை முடிவு செய்துவிட்டு அதிலிருந்து நான்கு மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். பேச்சாளரைத் தேடத் தொடங்க வேண்டிய நாள் அது. மூன்று வாரத்துக்கு முன் அழைத்தால் நல்லவர்கள் வரமுடியாது என்பார்கள். எப்போது கூப்பிட்டாலும் வருகிறவர்கள் எல்லா இடத்திலும் ஒரே பேச்சைப் பேசுகிறவர்களாக இருப்பார்கள்.

எங்கே தேடுவது

முதலில் ஊருக்குள்ளே. மென்பொருள் வேலை செய்யும் பத்துப் பேரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எங்கேயாவது சிக்கிக்கொண்டால் யாருக்குத் தொலைபேசி எடுப்பீர்கள்?" இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர் குழப்பத்தைக் காது கொடுத்துக் கேட்டு, பொறுமையாக விளக்கிப் பழகியவர்கள் அவர்கள். மேடையில் வேண்டியதும் அந்தப் பழக்கம்தான்.

அடுத்தது விரிவுரையாளர்கள். அவர்களைப் பேச அழைப்பது ஒரு வழி. அதைவிடப் பயனுள்ளது, அவர்களிடம் பெயர் கேட்பது. "சேர், கடந்த ஐந்து ஆண்டில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை நன்றாக விளக்கியவர் யார்? இப்போது எங்கே வேலை செய்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். கற்பித்தவருக்கு அது மறக்காது.

மூன்றாவது, எழுத்து. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒருவர் தன் நிரலோடு சேர்த்து எழுதியிருக்கும் விளக்கக் குறிப்பை வாசியுங்கள். ஏன் இப்படிச் செய்தேன், எது சரிவரவில்லை என்றெல்லாம் தெளிவாக எழுதியிருந்தால் பேச்சின் பாதி அங்கேயே தயார். யாரும் பார்க்கவும் திருத்தவும் நிரல் திறந்து விடப்பட்டிருக்கும் திறந்த மூலத் திட்டங்களில் பங்களித்தவர்களையும் இப்படியே தேடலாம். வழிகாட்டி ஒருவரின் துணையோடு மாணவர்கள் திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் எழுதும் திட்டமாகக் கூகிள் 2005இல் தொடங்கிய 'சம்மர் ஒஃப் கோட்' திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல ஆண்டுகள் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். கிழக்கிலிருந்து மொறட்டுவைக்குப் போய்ப் படித்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முன்பின் பார்க்காத வழிகாட்டிக்குத் தன் நிரலை எழுத்தால் விளக்கிப் பழகியவர், 150 பேருக்கும் விளக்குவார்.

நான்காவது, ஊருக்கு வந்துபோகிறவர்கள். லண்டனிலும் டொரண்டோவிலும் மெல்பேர்னிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் ஆடி, ஆவணித் திருவிழாக் காலத்தில் வீட்டுக்கு வருகிறார்கள். மாமாங்கேஸ்வரர் ஆலய ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு யார் வருகிறார்கள் என்று அம்மாமாரிடம் கேட்டாலே பட்டியல் கிடைத்துவிடும். திருவிழா நாளிலேயே கூட்டம் வைக்காமல், முன்பின் ஒரு சனிக்கிழமை வையுங்கள். விமானச் சீட்டுச் செலவில்லாமல் நல்ல பேச்சாளர் கிடைப்பார். அவருக்கும் ஊரில் பேசிய நிறைவு இருக்கும்.

தலைப்புகள் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது சஹானாவின் கதையை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்தப் பேரழிவு நடந்த சில நாட்களிலேயே, காணாமற்போனோர் விபரம், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றை நிர்வகிக்க இலங்கைத் தன்னார்வ மென்பொருளாளர்கள் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கல்லடியிலும் கல்முனையிலும் நாங்கள் பட்ட துயரம் உலகத்துக்குப் பயன்படும் ஒரு நிரலுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. ஆகவே "எங்கள் ஊரில் பேச என்ன இருக்கிறது" என்று யாராவது கேட்டால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். வெள்ள நிவாரணப் பதிவு, நெல் கொள்வனவு, மீன் ஏல விலை, மருந்தகக் கையிருப்பு என்று நீங்கள் பார்க்கும் இடமெல்லாம் பேச்சுக்குப் பொருள் இருக்கிறது.

பொது அழைப்பு

தெரிந்தவர்களை மட்டும் அழைத்தால் தெரிந்த முகங்களே திரும்பத் திரும்ப வரும். ஆகவே பொது அழைப்பும் விடுங்கள். ஒரு இணையப் படிவம், நான்கு கேள்விகள்: தலைப்பு என்ன; கேட்டு முடித்தவர் எதைத் தெரிந்துகொண்டு போவார்; இது உங்கள் சொந்த வேலையில் எங்கே நடந்தது; தமிழிலா ஆங்கிலத்திலா பேசுவீர்கள். கல்வித் தகுதி, பதவி, புகைப்படம் எதுவும் முதலில் வேண்டாம்.

படிவத்தோடு ஒரு மாதிரியையும் கொடுங்கள். மாதிரி இல்லாவிட்டால் எல்லோரும் "செயற்கை நுண்ணறிவும் எதிர்காலமும்" என்றே அனுப்புவார்கள். அந்தத் தலைப்பில் யாரும் எதையும் பேசலாம். "மின்வெட்டில் இரட்டிப்பான எடைச்சீட்டுகள்: ஒரு நெல் ஆலையின் தரவுத்தளத்தைச் சரிசெய்த விதம்" என்ற தலைப்பில், அதைச் செய்தவர் மட்டும்தான் பேச முடியும். முன்மொழிவைப் படிக்கும்போது நான் தேடுவது இந்த ஒன்றைத்தான்: இதை வேறு யாராலும் பேச முடியாது என்று தோன்றுகிறதா?

வந்தவற்றை மூன்று பேர், பெயரை மறைத்துப் படித்துத் தனித்தனியாகப் புள்ளி போடுங்கள். பிறகு பெயர்களைத் திறந்து, ஒரே பல்கலைக்கழகமாகவோ ஒரே ஊராகவோ போய்விட்டதா என்று பாருங்கள். ஏற்கப்படாதவருக்கும் இரண்டு வரியில் காரணம் எழுதி அனுப்புவது கட்டாயம். பதிலே வராமல் விடப்பட்டவர் மறுபடி விண்ணப்பிக்க மாட்டார்.

நேரில் கேட்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

அமெரிக்காவில் நடக்கும் பைகான் என்ற பைதன் நிரல்மொழி மாநாட்டில் 2011இல் பேசியவர்களில் பெண்கள் 1 விழுக்காடு. 2014இல் அது 33 விழுக்காடு. ஏற்பாட்டாளர்கள் படிவத்தை வெளியிட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. பெண்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய், "நீங்கள் இதைப் பற்றிப் பேச வேண்டும்" என்று கேட்டார்கள். தயங்கியவர்களிடம் திரும்பவும் கேட்டார்கள். எங்கள் ஊரில் பெண்களுக்கு மட்டுமின்றி, முதன்முறை பேசும் எல்லோருக்குமே இது தேவைப்படுகிறது.

"எங்கள் மாநாட்டில் பேச முடியுமா?" என்று பொதுவாகக் கேட்டால், "ஐயோ, நான் என்ன பேசுவது" என்றுதான் பதில் வரும். கல்முனையிலிருந்து வேலை செய்யும் ஒருவருக்கு நாங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பியது இது:

"வணக்கம் தங்கச்சி. பாடசாலைப் பதிவுச் செயலியில் தமிழ்ப் பெயர்களை அகர வரிசைப்படுத்த நீங்கள் பட்ட பாட்டைப் போன மாதம் எங்கள் குழுவில் எழுதியிருந்தீர்கள். அதை 20 நிமிடம் பேசித் தர முடியுமா? கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள். தமிழில் பேசலாம். ஸ்லைட் செய்ய நான் உதவுகிறேன், முன்பே ஒரு தடவை ஒத்திகையும் வைப்போம். போக்குவரத்தும் சாப்பாடும் எங்கள் செலவு. வேறு கொடுப்பனவு தர எங்களிடம் பணமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள், வேண்டாம் என்றாலும் குறையில்லை."

ஏன் அவரை, எந்தப் பொருளில், எவ்வளவு நேரம், யார் முன்னால், என்ன உதவி, என்ன செலவு, எப்போது பதில் என்று எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பேசுவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், தங்கை கூட வரலாமா என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு நாங்கள் கல்முனை, அக்கரைப்பற்று போகிறவர்கள் இருட்டுவதற்கு முன் வீடு சேரும்படி பின்னேரம் நான்கு மணிக்குக் கூட்டத்தை முடிக்கிறோம். கூட வருகிறவருக்கும் சாப்பாடு உண்டு. புகைப்படமும் காணொளியும் எடுக்கலாமா, பொதுவெளியில் போடலாமா என்பதை முன்பே கேட்டு எழுதி வைக்கிறோம். இவை சிறிய காரியங்கள் என்று தோன்றும். நல்ல பேச்சாளர் ஒருவர் ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் பெரும்பாலும் இவற்றில்தான் தங்கியிருக்கிறது.

கேட்டுப் பார்க்காமல் மேடை கொடுக்காதீர்கள்

அறிவு இருக்கிறது என்பதும் பேச வரும் என்பதும் வேறு வேறு. ஏற்கெனவே பேசிய காணொளி இருந்தால் பத்து நிமிடம் பாருங்கள். இல்லாவிட்டால் தொலைபேசியில் ஐந்து நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். குரல் வளம் முக்கியமில்லை. நீங்கள் இடையில் "புரியவில்லை" என்று சொன்னால் அதே வாக்கியத்தைச் சத்தமாகத் திருப்பிச் சொல்கிறாரா, வேறு எடுத்துக்காட்டுக்குப் போகிறாரா என்று கவனியுங்கள். இரண்டாமவரை எடுங்கள்.

இதைவிட நல்ல வழி, மாதம் ஒருமுறை சிறு கூட்டம் வைப்பது. 2000ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க்கில் நடந்த பேர்ள் நிரல்மொழி மாநாட்டில் ஐந்து நிமிடப் பேச்சுகளுக்கு 'மின்னல் பேச்சு' என்ற பெயர் வைத்தார்கள். இன்று உலகமெங்கும் மென்பொருள் மாநாடுகளில் அது உண்டு. ஒரு சிறு அறை, 15 பேர், தேநீர், மூன்று மின்னல் பேச்சுகள். ஐந்து நிமிடம் பேசப் பயப்படுகிறவர் குறைவு. ஆறு மாதம் இப்படி நடத்தினால் உங்கள் மாநாட்டுப் பேச்சாளர்களில் பாதிப் பேரை அங்கேயே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு என்ற தயக்கம் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. தமிழில் அருமையாக விளக்கக்கூடியவர் ஆங்கிலத்தில் ஸ்லைடைப் பார்த்து வாசிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிங்களம் பேசும் நண்பர்கள் அம்பாறையிலிருந்து வந்தால் அந்த அமர்வை ஆங்கிலத்தில் வைக்கலாம். மற்றபடி பேச்சாளருக்கு எது இயல்போ அதில் பேசட்டும். தமிழில் பேசும்போது துறைச் சொல் ஆங்கிலத்திலேயே வரலாம், ஆனால் முதல் முறை வரும்போது தமிழில் அதை விளக்கிவிட வேண்டும். அறிவியலுக்குத் தமிழ்க் கலைச்சொல் ஆக்கும் பணியில் உழைத்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழில் தொழில்நுட்பம் பேசுவதற்கு நாங்கள் கூச வேண்டிய தேவையில்லை.

ஒத்திகை

இரண்டு வாரத்துக்கு முன் ஒவ்வொருவரையும் ஒருமுறை முழுதாகப் பேச வையுங்கள். நேரில் முடியாவிட்டால் ஸூமில். கேட்பவர் இரண்டு பேர் போதும், ஆனால் ஒருவர் அந்தத் துறை தெரியாதவராக இருக்க வேண்டும். நான் பொதுவாகச் சொல்லும் திருத்தம் ஒன்றுதான்: தன்னைப் பற்றிய அறிமுகத்தை ஒரு வரியாக்கி, சிக்கலில் தொடங்குங்கள். நெல் ஆலைத் தம்பி அடுத்த ஆண்டு எங்கள் மேடையில் பேசினார். ஒத்திகையில் முதல் எட்டு நிமிடமும் தரவுத்தளம் என்றால் என்ன என்றே விளக்கிக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிட்டு, "ஒருநாள் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, 'தம்பி, இல்லாத நெல்லுக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்' என்றார்" என்று தொடங்கச் சொன்னோம். அன்று மண்டபம் முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தது.

எழுத்துருவைக் கட்டாயம் சோதியுங்கள். எங்கள் நாட்டில் இன்னும் பலர் பாமினியில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத மண்டபக் கணினியில் ஸ்லைட் முழுவதும் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரியும். எல்லாக் கணினியிலும் ஒரேபோல் தெரியும் யூனிகோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், பிடிஎஃப் பிரதி ஒன்றையும் வாங்கி வையுங்கள். நிரலைத் திரையில் காட்டினால் கடைசி வரிசையில் நின்று வாசித்துப் பாருங்கள். நேரடிச் செய்முறை இருந்தால் அதைக் காணொளியாகவும் பதிந்து வரச் சொல்லுங்கள். இணைய இணைப்பு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி பேசுகிறவருக்கும் இதுவே: பேச்சைப் பதிந்து அனுப்பட்டும், கேள்வி நேரத்துக்கு மட்டும் நேரடியாக வரட்டும்.

செலவும் வரவேற்பும்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். காலையில் கோட்டையில் புறப்படும் உதயதேவி ரயிலில் ஏறினால் வந்து சேரப் பின்னேரமாகிவிடும். இரவு ரயிலில் வருகிறவர் தூக்கமில்லாமல் வந்து இறங்குவார். அவரை முதல் அமர்வில் போடாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் படுத்தெழ ஓர் அறை கொடுங்கள். போக வர ஆசனங்களை நீங்களே முன்பதிவு செய்யுங்கள். பற்றுச்சீட்டை அனுப்பினால் பிறகு பணம் தருகிறோம் என்பது இளம் பேச்சாளருக்குப் பெரும் சுமை. ஹலால், சைவம் இரண்டையும் முன்பே கேட்டுவிடுங்கள். நினைவுச் சின்னத்துக்குக் கண்ணாடிக் கேடயம் வாங்குவதை விட்டு, மருதமுனைக் கைத்தறியில் ஒரு சாரமோ சேலையோ கொடுத்தால் கொண்டுபோகிறவருக்கும் மகிழ்ச்சி, நெய்தவருக்கும் வருமானம்.

அனுசரணை தரும் நிறுவனத்துக்கு மேசை கொடுங்கள், பதாகை கொடுங்கள், நன்றி சொல்லுங்கள். மேடை நேரத்தை மட்டும் விற்காதீர்கள். அவர்களிடம் நல்ல பொறியாளர் இருந்தால், அவரும் படிவத்தை நிரப்பி மற்றவர்களைப் போலவே வரட்டும்.

நகருக்குள் இருக்கும் ஒருவரைத் தயார் நிலைப் பேச்சாளராக வைத்திருங்கள். ஒருவர் வராமற்போவது எப்போதும் நடக்கும். அவருக்கும் ஒத்திகை வையுங்கள். மேடை கிடைக்காவிட்டால் அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் இடம் அவருக்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு பேச்சாளருக்கும் காணொளியையும், கேட்டவர்கள் எழுதித் தந்த கருத்துகளையும் அனுப்புங்கள். கூடவே, அடுத்த முறை யாரை அழைக்கலாம் என்று இரண்டு பெயர் கேளுங்கள். மண்டபத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கேள்வி நேரத்தில் ஒருவர் ஒரு குறிப்பிட்ட, கூர்மையான கேள்வியைக் கேட்டால், தேநீர் இடைவேளையில் அவரிடம் போய்ப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் ஐந்து நிமிடம் அவருக்கு.